லோகாக்கா வண்டி குடித்த ஆயில்

ஜூலை 12, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசாகக் கிடைத்த நோட்டு இது. எழுத விஷயம் இல்லாமல் ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. எங்கள் பட்டறையில் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள்.

முதலில் விவரங்கள். என் பெயர் தாரணி, ஒன்பதாம் வகுப்பு. தாராபுரத்தில் உடுமலை ரோட்டின்மேல் எங்கள் கார் பட்டறை. பின்னால் வீடு. அப்பா பெயர் நாச்சிமுத்து. இன்ஜின் வேலைக்கு அப்பாவைத் தேடிப் பல்லடத்திலிருந்தெல்லாம் வருவார்கள். அப்பாவோடு வேலை செய்பவர் மாரப்பண்ணன். ஆறு வருஷமாக இருக்கிறார்.

இன்று காலை பத்து மணிக்கு லோகாக்காவின் வெள்ளை டாக்சி நீலப் புகை விட்டுக்கொண்டு உள்ளே வந்தது. லோகாக்காவே ஓட்டுநர், லோகாக்காவே முதலாளி. போன மாதம்தான் அந்த வண்டிக்கு முழு இன்ஜின் வேலை பார்த்து அனுப்பினோம்.

"நாச்சிமுத்தண்ணா, மூவாயிரம் கிலோமீட்டர் முழுசா ஓடல. நாலு லிட்டர் ஆயிலைக் குடிச்சுப்போட்டுது. என்ற வூட்டுக்காரர்கூட இந்தக் குடி குடிச்சதில்லீங்க" என்றார் லோகாக்கா. "பொறத்தால வர்ற பஸ்காரன் கொசுமருந்து வண்டின்னு நெனச்சுக் கண்ணாடியை ஏத்திக்கறான்."

"இழுவை எப்படி அம்மிணி?" என்று அப்பா கேட்டார்.

"இழுவையா? ஊதியூர் ஏத்தத்துல மாட்டு வண்டி என்னையத் தாண்டிப் போகுது. மாடு திரும்பி என்னையப் பாவமாப் பாக்குது."

மாரப்பண்ணன் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

லோகாக்கா குரலை மாற்றிக்கொண்டார். "சரி பண்ணிக் குடுப்பீங்க, தெரியும். ஆனா தப்பு யாருதுன்னு எனக்குத் தெரியோணும். அந்தக் கையில என்ற வண்டியை மறுக்காக் குடுக்க மாட்டேன்."

அப்பா துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார்: "என்ற ஒர்க்‌ஷாப்புல அப்படி ஒருத்தன் இருந்தா, கண்டுபுடிச்ச அன்னைக்கே அனுப்பிப்போடுவேன் அம்மிணி. இது என்ற வாக்கு."

ஓர் இன்ஜின் ஆயிலை எரிக்க இரண்டு வழிதான் உண்டு. மேலே, வால்வுகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சரியில்லை என்றால் ஆயில் சொட்டி இறங்கும். கீழே, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சரியில்லை என்றால் ஆயில் மேலே ஏறும். மேல் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். எங்கள் பட்டறையில் ஹெட் வேலை மாரப்பண்ணனுடையது. பிஸ்டன், ரிங், டைமிங் செயின் எல்லாம் அப்பாவுடையது.

மேலிருந்து இறங்கினால் மாரப்பண்ணன். கீழிருந்து ஏறினால் அப்பா. அப்பா தப்புச் செய்ய மாட்டார். ஆகவே நான் மாரப்பண்ணனைக் கண்காணிக்கப் போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தோம். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆகவே ஒழுக்கு இல்லை, எரிகிறது. அப்பா ஆயிலை அளவுக் கோடுவரை நிரப்பச் சொன்னார். மாரப்பண்ணன் நிரப்பினார். கம்பியை உருவிப் பார்த்து "சரியா இருக்குதுங்ணா" என்று சொன்னவரும் அவரே. அப்பா பார்க்கவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சனிக்கிழமை வரச்சொல்லி லோகாக்காவை அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

மாரப்பண்ணன் இன்று மூன்று முறை புளியமரத்தடிக்குப் போய்ப் போன் பேசினார். மூன்று முறையும் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

ஜூலை 16, புதன்

அப்பா இன்னொரு லைட் வாங்கி வந்திருக்கிறார். விளையாட்டு மைதானத்தில் மாட்டுவது போன்ற வெள்ளை லைட். இதோடு பட்டறையில் ஆறு.

"கல்யாண மண்டபத்துல இத்தனை லைட்டு இருக்காதுங்க" என்றாள் அம்மா.

"வெளிச்சம் பத்தல. பழைய ட்யூப்லைட்டெல்லாம் மங்கிப்போச்சு."

எனக்கு மங்கினதாகத் தெரியவில்லை. ஆனால் என் விசாரணைக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 17, வியாழன்

பல் டாக்டரிடம் போனதால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இதைப் பார்க்க முடிந்தது.

அப்பா சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் படுப்பார். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். மாரப்பண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, காலையில் அப்பா முடித்து வைத்திருந்த நீல வேன் இன்ஜினிடம் போய், அப்பா முடுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முன்மூடியை எடுத்தார். உள்ளே கையைவிட்டு ஏதோ செய்தார். மறுபடி மூடினார். மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து குச்சியால் ஏதோ தடவினார். இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அப்பா எழுந்து வரும்போது அவர் வேறொரு வண்டிக்குப் பஞ்சர் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. துப்பறிகிறவர்கள் சாட்சியம் முழுமையாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

ஜூலை 19, சனி

இன்று நிறைய நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மஞ்சள் பெயிண்ட். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிடுவார். யாராவது போல்ட்டைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். காலையில் மாரப்பண்ணன் டீக்கடைக்குப் போனபோது பட்டறையில் நின்ற வண்டிகளை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நீல வேன், பால்காரர் ஜீப், ஒரு சிவப்பு கார். மூன்றிலும் முன்மூடி போல்ட்டுகளில் பழைய கோடு உடைந்திருக்கிறது. அதன்மேல் புதுக் கோடு. மஞ்சளின்மேல் மஞ்சள். எல்லாவற்றையும் அவர் திருட்டுத்தனமாகத் திறந்திருக்கிறார்!

பதினொரு மணிக்கு லோகாக்கா வந்தார். முக்கால் லிட்டர் குறைந்திருந்தது. நான் அந்த வண்டியின் போல்ட்டுகளையும் பார்த்தேன். ஒரே கோடு. உடையவில்லை. அப்பா மூடிய பிறகு அந்த இன்ஜினை மட்டும் மாரப்பண்ணன் திறக்கவே இல்லை.

அவர் திறந்த வண்டிகளெல்லாம் நன்றாக ஓடுகின்றன. அவர் திறக்காத வண்டி ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. இதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன்.

பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கும் மீட்டரை வைத்தார்கள். மாரப்பண்ணன் எண்ணைப் படித்தார், அப்பா கேட்டுக்கொண்டார். நான்கிலும் நல்ல அழுத்தம்.

"ரிங் போயிருந்தா அழுத்தம் நிக்காது" என்றார் அப்பா. "அப்ப ஹெட்டுதான்." இதைச் சொல்லும்போது அவர் மாரப்பண்ணனைப் பார்க்கவில்லை. லோகாக்கா பார்த்தார்.

"பிரிச்சுப் பாத்துரலாமுங்ணா" என்றார் மாரப்பண்ணன்.

பிளக்குகளைத் துணிமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் இரண்டும் காய்ந்து பிஸ்கட் நிறத்தில் இருந்தன. மூன்றாவதும் நான்காவதும் கறுத்து, ஆயிலில் நனைந்து, பளபளவென்று இருந்தன.

நோட்டை மூடினேன். வீட்டுக்குள் வந்து படுத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பட்டறைச் சுவரிலுள்ள மாதக் காலண்டரில் ஜூன் தாளைப் புரட்டிப் பார்த்தேன். 19, 20, 21 மூன்று கட்டங்களிலும் அப்பா பெரிய எழுத்தில் 'மாரப்பன் லீவு' என்று எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகளுக்குச் சீர். தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. ஹெட் வேலையைப் 18ஆம் தேதியே முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

லோகாக்கா இன்ஜினை அப்பா பூட்டியது 21ஆம் தேதி, சனிக்கிழமை. அன்று சாயங்காலமே வண்டி போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஜூலை 23, புதன்

ஆடிக் காற்று. காலையிலேயே மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. பள்ளிக்கூடமும் விட்டுவிட்டார்கள். ஆறு லைட்டும் இல்லாமல் பட்டறை சாம்பல் நிறத்தில் இருந்தது. மாரப்பண்ணன் ஒரு சின்னக் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். மூக்குத்தித் திருகாணி அளவுதான் இருக்கும். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "அந்தா, ஜாக்கிக்குப் பக்கத்துல" என்றார்.

மாரப்பண்ணன் கிளிப்பை எடுக்காமல் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று புரியவில்லை. சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

இரண்டு சாட்சியங்கள்.

ஒன்று. புளியமரத்தடியில் மாரப்பண்ணன் போனில்: "தேதி மட்டும் போட்டு வைங்க சிஸ்டர். கூட்டிட்டு வர்றது என்ற பொறுப்பு. இல்லீங்க, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வரமாட்டாரு." யாரை எங்கே கூட்டிப் போகிறார்? வேறு பட்டறைக்கு நம் வாடிக்கையாளர்களையா? ஆனால் பட்டறையில் ஏது சிஸ்டர்?

இரண்டு. அம்மாவும் அப்பாவும் சமையலறையில்.

"வாக்குக் குடுத்துட்டேன். ஹெட்டுல குத்தம்னா அவனை அனுப்பித்தான் ஆகோணும்."

"அவன் போயிட்டா உங்களுக்கு யாருங்க பாப்பாங்க?"

"என்ன பாக்கறதுக்கு? எனக்குக் கை இருக்குது."

"கை இருக்குதுங்க" என்று அம்மா ஆரம்பித்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, அப்பாவுக்குச் சர்க்கரை போடாத டீயை ஆற்றத் தொடங்கினாள். வெகு நேரம் ஆற்றினாள்.

ஜூலை 26, சனி

லோகாக்கா வண்டியின் இன்ஜினை இன்று திறந்தார்கள். லோகாக்கா காலையிலேயே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்துட்டேன்" என்றார். கையில் ஒரு பொட்டலம் கடலை வேறு.

ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் முதலில் முன்மூடியை எடுத்து டைமிங் செயினை விடுவிக்க வேண்டும். அந்தச் செயின்தான் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது. பல்சக்கரத்தில் ஒரு புள்ளி இருக்கும், இன்ஜினில் ஒரு கோடு இருக்கும். புள்ளியும் கோடும் நேர் நேராக நின்றால் தாளம் சரி.

மூடியை எடுத்ததும் அப்பா ஆறு லைட்டும் எரிகிறதா என்று திரும்பிப் பார்த்தார். கைலைட்டையும் பக்கத்தில் பிடித்துக் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"டைமிங் சுத்தமா இருக்குது. ஹெட்டைக் கழட்டு" என்றார்.

மாரப்பண்ணன் ஸ்பேனரை எடுக்கவில்லை. லோகாக்கா கடலையை மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "எனக்கு இன்ஜின் தெரியாதுங்ணா. ஆனா கோடு இங்க இருக்குது, புள்ளி அங்க இருக்குது. ஒரு பல்லு தள்ளி நிக்குதே?"

நான் இருந்த இடத்திலிருந்தே எனக்கும் தெரிந்தது. அப்பா மறுபடி குனிந்தார். மறுபடி நிமிர்ந்தார்.

அப்போது மாரப்பண்ணன் சொன்னார்: "அது நானுங்க்கா. செயின் நாந்தான் பூட்டுனேன். அண்ணன் வேற வேலையா இருந்தாரு. கவனிக்காம ஒரு பல்லு விட்டுப்போட்டேன்."

லோகாக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மாரப்பா, உன்ற கவனத்தை எந்தச் சந்தையில வித்துட்டு வந்தே? மேட்டுல வண்டி நின்னு, உள்ள பிரசவத்துக்குப் போற புள்ள அழுதுட்டுக் கிடந்தா. உனக்கு அது பல்லு. எனக்கு அது உசுரு." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "வாக்குக் குடுத்தீங்கண்ணா."

மாரப்பண்ணன் ஜூன் 21ஆம் தேதி ஊரிலேயே இல்லை. அது காலண்டரில் இருக்கிறது. எழுதியது அப்பா. அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். பத்து வரை எண்ணினேன்.

"நாளையிலருந்து வர வேண்டாம் மாரப்பா" என்றார் அப்பா.

மாரப்பண்ணன் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். அப்பா அவர் போன திசையைப் பார்க்கவில்லை. எண்ணி முடித்த பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். சும்மா இருந்தது அப்பா மட்டுமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். குறைத்திருக்கிறேன். ஜூன் 21ஆம் தேதி நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

அன்று அப்பா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். "கண்ணு, மாரப்பன் இல்ல. இந்த ரிங்குல எழுத்து எந்தப் பக்கம் இருக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றார். ஒவ்வொரு பிஸ்டனிலும் இரண்டாவது ரிங்கின் ஓரத்தில் கடுகைவிடச் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். அது மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டாலும் அழுத்தம் நிற்கும். மீட்டர் ஒன்றும் காட்டாது. ஆனால் ரிங் ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே வழித்துவிடும். இது எனக்கு அன்றே தெரியும். அப்பா மாரப்பண்ணனிடம் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதல் பிஸ்டனைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவதையும் பார்த்துச் சொன்னேன். என் மடியில் நூலகத்துத் துப்பறியும் நாவல் இருந்தது. கடைசி இருபது பக்கம். கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற இடம். மூன்றாவது பிஸ்டனுக்கு அப்பா, "எழுத்து மேலதான கண்ணு?" என்றார். "ஆமாங்ப்பா" என்றேன். நான்காவதற்கும் "ஆமாங்ப்பா" என்றேன். இரண்டையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டைமிங்குக்கு அப்பா என்னைக் கூப்பிடவில்லை. அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். அதை அவரே பார்த்துக்கொண்டார்.

கறுத்த பிளக்குகள் மூன்றும் நான்கும். எனக்கு ஜூலை 19ஆம் தேதியே தெரியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரிங்கிலுள்ள எழுத்தைப் படிக்க அப்பாவுக்கு ஏன் நான் வேண்டியிருந்தது?

ஜூலை 29, செவ்வாய்

ஏழாவது லைட் வந்திருக்கிறது. அதை மாட்ட மாரப்பண்ணன் இல்லாததால் அப்பாவே ஏணியில் ஏறினார். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தூசி" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் மாரப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க மாரப்பண்ணா? நீங்க ஊர்லயே இல்ல."

"அட, துப்பறியும் அம்மா வந்துட்டாங்களா? ஜன்னல்ல உன்ற தலை தெரியுதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா. டார்ச் அடிச்சுட்டுத் திரிஞ்சதும் தெரியும்."

நான் விடவில்லை. "அப்பா பூட்டுன இன்ஜினை எல்லாம் எதுக்குத் திறந்தீங்க?"

ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். "ஆறு மாசமா உங்கப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. சர்க்கரைக்காரங்களுக்கு வர்ற புரைன்னு நினைக்கிறேன். கேட்டா ஒத்துக்க மாட்டாரு. அவரு பூட்டுனதை அவருக்குத் தெரியாம ஒருக்கா சரி பாத்துருவேன். அவ்வளவுதான். நாலு தடவை தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்."

"போன்ல சிஸ்டர்னு?"

"கோயமுத்தூர்ல கண் ஆஸ்பத்திரி. தேதி கேட்டுக்கிட்டிருந்தேன்."

"அதுக்காக நீங்க எதுக்குப் பழியை ஏத்துக்கோணும்?"

"லோகாக்கா முன்னாடி அந்த மனுசன் தடவித் தடவிப் பாத்ததை நீயும்தான பாத்தே? எனக்குப் பாக்கப் புடிக்கல." கடைசித் துணியைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் புரியாதது ஒண்ணுதான். செயினைத் தடவிப் பாத்துப் பூட்டியிருப்பாரு, சரி. ரிங்கு எழுத்தைத் தடவிப் பாக்க முடியாது. அன்னைக்கு அதை யாரு பாத்துச் சொன்னாங்க?"

"தெரியாதுங்ணா" என்றேன்.

இது பொய்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் லோகாக்கா வந்துவிட்டார். அப்பா தனியாகவே ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார். சீல்கள் புத்தம் புதிதாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. லோகாக்காவே எடுத்துப் பார்த்தார். "இது மாரப்பன் வேலைதான? சுத்தமா இருக்குதே!" என்றார்.

அப்பா பிஸ்டன்களை எடுக்கக் கீழே குனிந்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"மூணாவதும் நாலாவதும் தலைகீழா இருக்கும்" என்றேன்.

லோகாக்கா திரும்பினார். "வெளிய வர்றதுக்கு முன்னாடி உனக்கு எப்படிடி தெரியும்? ஜோசியம் பாக்கறயா?"

"அப்பா என்னையத்தான் பாக்கச் சொன்னாருங்க்கா. நான் பாக்காமயே மேல இருக்குதுன்னு சொல்லிட்டேன். புத்தகம் படிச்சுட்டிருந்தேன்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

மூன்றாவது பிஸ்டன் வெளியே வந்தது. லோகாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்து கீழே பார்த்திருந்தது. நான்காவதும் அப்படியே.

"சரி, ரிங்கு இவ" என்றார் லோகாக்கா. "டைமிங்கு மாரப்பன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நானில்லை. கழுவின பிஸ்டன் ஒன்றிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதை மேஜைமேல் வைத்தார்.

"மாரப்பன் அன்னைக்கு ஊர்லயே இல்ல அம்மிணி. பூட்டுனது நான். புள்ளி எனக்குத் தெரியல. போன வாரம் திறந்தப்பவும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கை. "தப்புப் பண்ணுனவனை அனுப்பிப்போடுவேன்னு சொன்னேன். இப்ப நான் எங்க போறது?"

லோகாக்காவிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். இதற்கும் இருந்தது. "எங்க போறதா? கண்ணு டாக்டர்கிட்டத்தான். நான் அஞ்சு வருசமா ஆஸ்பத்திரிக்கு ஆளு ஏத்திட்டுத்தான போறேன்? வண்டி ஓடட்டும், மொத சவாரி நீங்கதான்" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா என்ற வண்டியில நீங்க கை வெக்கக் கூடாது. நான் சொன்னா சொன்னதுதான். மாரப்பன்தான் பூட்டோணும்" என்றார்.

அப்பா என்னிடம் திரும்பினார். "போய் அவனைக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லாத." நான் சைக்கிளை எடுக்கும்போது மறுபடி கூப்பிட்டார். "இல்ல. நான் கூப்பிட்டேன்னே சொல்லு."

வழியில் மாரப்பண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றுப் பொய் சொன்னதையும் சொன்னேன். "நேத்தே தெரியும் பாப்பா, உனக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துருது" என்றார்.

அவர் உள்ளே நுழைந்ததும் அப்பா சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். மாரப்பண்ணன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "மஞ்சப் பெயிண்ட் தீந்துபோச்சுங்ணா, வாங்கோணும்" என்றார். "நீதான் தீத்திருப்ப" என்றார் அப்பா. இருவரும் அதோடு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

கடையிலிருந்து புது ரிங் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு ரிங்காக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். புத்தகம் எடுத்து வரவில்லை.

"ஏப்பா, என்னையத் திட்டலையே?" என்று கேட்டேன்.

"நீ பக்கம் பொரட்டுற சத்தம் அன்னைக்குக் கேட்டுட்டேதான் இருந்துச்சு கண்ணு" என்றார். "பாத்துட்டுத்தான் நீ சொல்றயின்னு நானா நெனச்சுக்கிட்டேன். பாக்கலையான்னு கேட்டா, எனக்குக் கண்ணு தெரியலைங்கறதை நான் உங்கிட்டச் சொல்ல வேண்டி வரும்ல?"

பிறகு ஒரு ரிங்கைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், விலக்கி, மறுபடி அருகே கொண்டுபோனார். "இந்த லைட்டுதான் கெடுக்குது. மேல அடிக்க அடிக்கக் கண்ணுக்குள்ள பாலை ஊத்துனாப்பல ஆயிருது."

"அணைச்சுரட்டுங்களா?" என்றார் மாரப்பண்ணன். கரண்ட் இல்லாத அன்று அப்பா கிளிப்பைக் காட்டியதை அவரும் நினைத்திருக்க வேண்டும்.

"வாங்குனவன் நான். அணைக்கறது அவளா இருக்கட்டும்" என்று அப்பா என்னைக் காட்டினார். போய் ஏழையும் அணைத்தேன்.

ஷட்டர் வழியாகச் சாயங்கால வெளிச்சம் தரையில் கொஞ்சம் கிடந்தது. அப்பா ரிங்கை அந்தப் பக்கமாகத் திருப்பி வெகு நேரம் பார்த்தார். "எழுத்து என்னன்னு தெரியல. ஆனா என்னமோ ஒண்ணு இந்தப் பக்கம் இருக்குது" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். "பாத்துச் சொல்லு."

வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஓர் எழுத்து இருந்தது. நகத்தால் தொட்டு, இன்னொரு முறையும் பார்த்தேன்.

"மேலதாங்ப்பா."

மாரப்பண்ணன் என் கையிலிருந்து அதை வாங்கி, தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிஸ்டனில் ஏற்றினார்.

நான்கும் பூட்டி முடிந்தது. ஏழு லைட்டும் அணைந்தே இருந்தன.